இரை போட்டு இறால் பிடிக்கையில் சறுக்கும் இடங்கள்

வீச்சு வலையை வட்டமாக விரிக்கக் கற்றுக்கொண்டால் போதும், இறால் தானாக வந்து விழும் என்பது புதிதாக வலை பிடிப்பவர்களின் நம்பிக்கை. அழகாக விரிந்த வலைகூட வெறுமையாக வருவதற்கு முக்கியக் காரணம் அவசரம். இறால் தரையோடு ஒட்டி மேயும். சலனம் தெரிந்தால் வாலைச் சுண்டிப் பின்பக்கமாகப் பாயும். வலையின் விளிம்பில் உள்ள ஈயக் குண்டுகள் தரையில் அமரும் முன்பே கயிற்றை இழுத்தால் வலையின் வாய் சுருங்கி, அடியில் சந்து விழும். அது போதும் அவற்றுக்கு. கயிறு கையில் தொய்வதை உணர்ந்த பிறகே இழுக்க வேண்டும்.

ஆழமான வாய்க்காலில் வேறு சிக்கல். வலை இறங்கும்போதே மூடிக்கொள்ளும். அதற்காகக் குண்டுகளுக்குச் சற்று மேலே சுற்றிலும் அகலமான டேப் ஒட்டுவார்கள். தண்ணீர் அதில் மோதி வலையை விரித்தபடியே வைத்திருக்கும். ஆனால் இறங்கும் வேகம் குறையும். ஆகவே டேப் ஒட்டிய வலையை ஆழமற்ற இடத்துக்குக் கொண்டுபோக வேண்டாம்.

அடுத்தது இரை. மீன் தூளைக் களிமண்ணோடு பிசைவதே வாசனை மெல்ல மெல்லக் கரைந்து வர வேண்டும் என்பதற்காகத்தான். தண்ணீர் கூடிவிட்டால் போட்டதும் கலைந்து நீரோட்டத்தோடு போய்விடும். குறைந்தால் கல்லாக இறுகி வாசனையே வெளிவராது. உள்ளங்கை அளவில் தட்டையாகத் தட்டிப் போடுங்கள், உருண்டையாகப் போட்டால் ஓட்டத்தில் உருண்டுவிடும். போட்ட உடனே வீசுவதும் வீண். இறால் வந்து கூடுவதற்கு ஒரு கால் மணி நேரமாவது விடுங்கள்.

அடையாளத்துக்கு நட்ட கம்பின் அடியிலேயே இரையைப் போடுகிறவர்களும் உண்டு. வலை கம்பில் மாட்டிக் கிழியும். சில அடி தள்ளிப் போடுங்கள், எல்லாக் கம்புக்கும் ஒரே பக்கமாக. இருட்டில் எந்தப் பக்கம் என்று யோசித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்காது. சிப்பிப் படுகை உள்ள இடமென்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

விதிகள் இடத்துக்கு இடம் மாறும். அமெரிக்காவின் தென் கரோலினாவில் இரை போட்டுப் பிடிக்க உரிமம் வேண்டும். பருவம் 60 நாள், கம்பு அதிகபட்சம் 10, ஒரு நாளில் பிடிக்கக்கூடியது தலையோடு 48 குவார்ட், அதாவது ஏறக்குறைய 45 லிட்டர் இறால். வலைக் கண்ணின் அளவுக்கும் அங்கே வரம்பு உண்டு. எந்தக் கரையானாலும் வலை வாங்கும் முன்பே இதையெல்லாம் விசாரித்துவிடுவது மேல், சின்னக் கண் வலையை வாங்கிய பிறகு அல்ல.

ஈயக் குண்டுகள் கோத்த விளிம்புக் கயிற்றைப் பல்லால் கடித்துப் பிடித்து வீசும் பழக்கம் பலருக்கு உண்டு. சேறும் சிப்பித் துண்டும் ஒட்டிய கயிறு அது. கடிக்காமல் வீசும் முறைகளும் இருக்கின்றன.

பிடித்த இறாலை உருகிய ஐஸ் தண்ணீரில் ஊறவிடாதீர்கள், சுவை போய்விடும். பெட்டியின் வடிகாலைத் திறந்து வைத்து, மேலும் கீழும் ஐஸ் போடுங்கள். கெடுவது தலையில்தான் தொடங்கும், எனவே வீடு வந்ததும் முதல் வேலையாகத் தலையைக் கிள்ளிவிடுங்கள்.