மவுண்டன் பைக்கை நெடுந்தூரத் தார்ச்சாலைப் பயணத்துக்கு ஏற்றதாக மாற்றுவது எப்படி?

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்குச் செல்லவோ, 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டிய பி.ஆர்.எம். எனப்படும் நெடுந்தூரச் சைக்கிள் பயணத்தில் கலந்துகொள்ளவோ விரும்புபவர், வீட்டில் நல்ல மவுண்டன் பைக் இருக்கும்போது புதிதாக ரோடு பைக் வாங்கியே தீர வேண்டும் என்பதில்லை. எதை மாற்ற வேண்டும், எதைத் தொடாமல் விட வேண்டும் என்று தெரிந்தால் போதும். செலவில் பெரும்பகுதி டயருக்கே போகட்டும். பலனில் பெரும்பகுதியும் அதிலிருந்துதான் கிடைக்கிறது.

மண்ணையும் சரளையையும் பற்றிக்கொள்வதற்காக அமைந்த பட்டன் டயரின் ஒவ்வொரு கட்டியும் தார்ச்சாலையில் அழுந்தி, வளைந்து, மீண்டும் நிமிர்கிறது. மிதிப்பவரின் உழைப்பில் ஒரு பங்கு இப்படியே வெப்பமாக வீணாகிறது. எனவே நடுப்பகுதி வழுவழுப்பாக உள்ள, அகலம் குறைந்த டயர் வேண்டும். கடைக்குப் போகுமுன் பழைய டயரின் பக்கவாட்டில் அச்சிடப்பட்டுள்ள எண்களைப் படித்துக்கொள்ளுங்கள். 54-559 என்று இருந்தால், முதல் எண் டயரின் அகலம், அடுத்தது ரிம்மில் டயர் அமரும் இடத்தின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். மவுண்டன் பைக்கின் 26 அங்குலச் சக்கரத்துக்கு 559, 27.5-க்கு 584, 29-க்கு 622. சாதாரண சைக்கிள்களுக்கான 26 × 1 3/8 டயரின் விட்டம் 590 என்பதால் அது இந்த ரிம்மில் உட்காராது. அங்குலக் கணக்கை மட்டும் சொல்லி வாங்கக் கூடாது. 700சி என்பதும் அதே 622 என்பதால், 29 அங்குல வண்டிக்கு 700 × 38 அல்லது 700 × 40 டயர் சரியாகப் பொருந்தும். 26 அங்குலத்துக்கு 1.5 அங்குல அகலம் போதுமானது. மவுண்டன் பைக்கின் ரிம் அகலமானது. அதில் 25, 28 மில்லிமீட்டர் ரோடு டயர்களைத் திணிப்பது பாதுகாப்பானதல்ல, நம் சாலைக் குழிகளில் அது ரிம்மையும் பதம் பார்த்துவிடும்.

ட்யூபையும் புதிய அகலத்துக்கு ஏற்ப மாற்ற வேண்டும், இல்லையேல் பெரிய ட்யூப் உள்ளே மடிந்து பஞ்சராகும். பக்கவாட்டில் குறிப்பிட்டிருக்கும் அதிகபட்ச அழுத்தம் என்பது தாண்டக் கூடாத எல்லை. அந்த அளவுக்கு நிரப்ப வேண்டும் என்று பொருளல்ல. சுமார் 70 கிலோ எடையுள்ளவர் இந்த அகலத்துக்குப் பின்சக்கரத்தில் 55 பி.எஸ்.ஐ. அளவில் தொடங்கி, முன்சக்கரத்தில் ஐந்தாறு குறைத்து, சாலையின் தன்மைக்கேற்பச் சரிசெய்துகொள்ளலாம். டயரின் உயரம் குறைவதால் பெடலும் தரையை நெருங்கும். வேகமாகத் திரும்பும்போது உள்பக்கப் பெடலை மேலே வைத்துக்கொள்வது நல்லது.

முன்ஃபோர்க்கில் லாக் அவுட், அதாவது ஸ்பிரிங் அமுங்காதபடி நிறுத்தும் பூட்டு, இருந்தால் தார்ச்சாலையில் அதைப் பூட்டிவிட்டாலே போதும். பூட்ட வழியில்லாத, கனமான ஸ்பிரிங் ஃபோர்க் என்றால், ஸ்பிரிங் இல்லாத ஃபோர்க்குக்கு மாறுவது எடையையும் கணிசமாகக் குறைக்கும். ஆனால் அதன் நீளம் பழைய ஃபோர்க் நம் எடையில் அமுங்கி நிற்கும் நீளத்துக்கு நெருக்கமாக இருக்க வேண்டும். குட்டையான ஃபோர்க்கைப் போட்டால் வண்டியின் மூக்கு தாழ்ந்து, ஹேண்டில் நிலையின்றி அலையும். ஃபோர்க்கின் மேல்முனையாகச் சட்டத்துக்குள் நுழையும் ஸ்டியரர் குழாயின் பருமனும் பிரேக் பொருத்தும் முறையும் ஒத்துப்போகின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.

அடுத்தது கைகள். நேரான ஹேண்டில்பாரில் ஒரே பிடியில் நான்கைந்து மணி நேரம் இருந்தால் உள்ளங்கை நரம்பு அழுந்தி, சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும். இரு முனைகளிலும் பார் எண்ட் எனப்படும் சிறு கொம்புகளைப் பொருத்தினால் பிடியை மாற்றிக்கொண்டே இருக்கலாம். குறைந்த செலவில் இவ்வளவு ஆறுதல் தரும் பாகம் வேறில்லை என்பது என் துணிபு. 720 மில்லிமீட்டர் அகல அலுமினிய ஹேண்டில்பாரைப் பக்கத்துக்கு 2 சென்டிமீட்டராகக் குறைத்து, ஓட்டிப் பார்த்து, தேவையானால் மேலும் வெட்டலாம். தோள்கள் ஒடுங்குவதால் எதிர்காற்றும் குறைவாகத் தாக்கும். வளைந்த ரோடு ஹேண்டிலை மட்டும் மாட்ட வேண்டாம். மவுண்டன் பைக்கின் சட்டம் ஏற்கெனவே நீளமானது, அதோடு ரோடு பிரேக் லீவர் இழுக்கும் கேபிளின் அளவு, ரிம்மை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் வி-பிரேக்குக்குப் போதாது. ஒன்றன்பின் ஒன்றாக எல்லாவற்றையும் மாற்றி, கடைசியில் ஒரு பழைய ரோடு பைக்கின் விலையே ஆகிவிடும்.

கியரில் கைவைக்குமுன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். முன்னே 42 பற்கள், பின்னே 11, சக்கரச் சுற்றளவு 2 மீட்டர் என்றால் ஒரு மிதிக்கு, அதாவது பெடலின் ஒரு முழுச் சுற்றுக்கு, ஏறத்தாழ 7.6 மீட்டர்; நிமிடத்துக்கு 90 மிதி வீதம் மணிக்கு 41 கிலோமீட்டர். நெடுந்தூரம் போகிறவருக்கு இதற்குமேல் தேவையில்லை. பின்னே 14 பற்களில் தொடங்கும் ஃப்ரீவீலாக இருந்தாலும் 32 கிலோமீட்டர் வரை போகலாம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது, மவுண்டன் பைக்கின் மிகச் சிறிய கியர்தான் முழங்காலைக் காப்பாற்றும். அதை இழக்கும் எந்த மாற்றமும் வேண்டாம்.

முன்னும் பின்னும் விளக்கு, இரவில் ஒளி பிரதிபலிக்கும் மேலங்கி, இரண்டு தண்ணீர் பாட்டில், உதிரி ட்யூப், கையடக்கப் பம்ப் ஆகியவை கட்டாயம். கேரியர் வாங்கும்போது, டிஸ்க் பிரேக் வண்டி என்றால் டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பரில் இடிக்காதபடி விலகி நிற்கும் வகையைக் கேட்டு வாங்க வேண்டும்.

எல்லாம் பொருத்திய பின், முழுச் சுமையோடு 50 கிலோமீட்டராவது ஓட்டிப் பாருங்கள். வீடு திரும்பியதும் கேரியர், ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம், பார் எண்ட் ஆகியவற்றின் போல்ட்டுகளை மீண்டும் ஒருமுறை முடுக்கி, சீட்டின் உயரம் உடம்புக்குச் சரியாகப் பட்டால் சீட் குழாயில் அந்த இடத்தில் டேப் ஒட்டி அடையாளம் செய்துகொள்ளுங்கள்.