தாராளவாதத்தின் வரலாற்றைப் படிக்கத் தொடங்குவோருக்கு ஓர் அட்டவணை முறை

தனிமனிதரின் சுதந்திரத்துக்காக அதிகாரத்துக்கு வரம்பு கோரும் தாராளவாதத்தை (லிபரலிசம்) புதிதாகப் படிப்பவர்கள் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே குழம்பிவிடுகிறார்கள். மன்னரின் அதிகாரத்தைக் கட்டுப்படுத்தச் சொன்னவரும் தாராளவாதி, பஞ்ச காலத்திலும் அரசு சந்தையில் தலையிடக் கூடாது என்றவரும் தாராளவாதி, முதியோருக்கு அரசே ஓய்வூதியம் தர வேண்டும் என்று சட்டம் இயற்றியவரும் தாராளவாதி என்றால், எதைப் பிடித்துக்கொண்டு படிப்பது? வரையறையைத் தேடுவதைவிட ஒரே கேள்வியை எல்லாக் காலத்திலும் திரும்பத் திரும்பக் கேட்பதே நல்ல வழி என்பது என் கருத்து: இவர் எந்த அதிகாரத்தைக் கண்டு அஞ்சினார்?

படி 1: சொல்லைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

தாராளவாதம், தாராண்மைவாதம் ஆகிய இரண்டும் ஒன்றே. தாராளமயம் என்பது வேறு. அது வணிகத்துக்கும் தொழிலுக்கும் உள்ள கட்டுப்பாடுகளைத் தளர்த்தும் பொருளாதாரக் கொள்கை. மேலும், அமெரிக்காவில் ‘லிபரல்’ என்றால் அரசின் நலத்திட்டங்களை ஆதரிப்பவர் என்றும், ஐரோப்பாவின் பல நாடுகளில் சந்தையை ஆதரிப்பவர் என்றும் பொருள்படுவதால், கட்டுரையாளர் எந்த நாட்டவர் என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஓர் அரசியல் அணியின் பெயராக இச்சொல் நிலைபெற்றது ஸ்பெயினின் காடிஸ் நகரில், 1810-12 காலத்தில் கூடிய நாடாளுமன்றத்தில்தான். அரசமைப்புச் சட்டம் வேண்டும் என்றவர்கள் ‘லிபரலெஸ்’ எனப்பட்டனர். எதிரணியினரை அவர்கள் அடிமைப் புத்திக்காரர்கள் என்ற பொருளில் ‘செர்விலெஸ்’ என்று கேலி செய்தனர். ஆகவே அதற்கு நூறாண்டுக்கு முன்பே மறைந்த ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் லாக் தம்மை ஒருபோதும் அப்படி அழைத்துக்கொண்டதில்லை. பின்னால் வந்தவர்களே அவரை முன்னோராக்கிக்கொண்டார்கள்.

படி 2: அட்டவணையை வரைந்து முதல் வரியை நிரப்புங்கள்

குறிப்பேட்டின் ஒரு பக்கத்தை மேலிருந்து கீழாக நான்கு பத்திகளாகப் பிரித்து, அஞ்சிய அதிகாரம், எழுப்பிய தடுப்பு, வெளியே நிறுத்தப்பட்டவர்கள், பின்னால் வந்த நெருக்கடி என்று தலைப்பிடுங்கள்.

முதல் வரி 1689. பிரான்சில் பதினான்காம் லூயி புராட்டஸ்டன்டுகளுக்கு வழிபாட்டு உரிமை தந்திருந்த நாண்ட் ஆணையை 1685இல் ரத்து செய்ததும் அவர்கள் பெருந்திரளாக நாட்டைவிட்டு ஓடினார்கள். அப்போது ஹாலந்தில் தலைமறைவாக இருந்த லாக், சமய சகிப்புத்தன்மை பற்றிய தம் கடிதத்தை அங்கேதான் எழுதினார். அஞ்சிய அதிகாரம்: யாருக்கும் பதில் சொல்லாத மன்னரும், நம்பிக்கையை வாள்முனையில் திணிக்கும் அரசும். தடுப்பு: நாடாளுமன்றத்தின் ஒப்புதலின்றி மன்னர் வரி விதிக்கவோ சட்டங்களை நிறுத்திவைக்கவோ கூடாது என்ற 1689ஆம் ஆண்டின் ஆங்கிலேய உரிமைச் சட்டம்.

மூன்றாம் பத்தியைத்தான் பலரும் காலியாக விட்டுவிடுகிறார்கள். நாத்திகர்களின் சத்தியத்தை நம்ப முடியாது என்பதால் அவர்களைச் சகிக்க வேண்டியதில்லை என்று அதே கடிதத்தில் லாக் எழுதினார். அடிமை வணிகம் நடத்திய ராயல் ஆப்பிரிக்க கம்பெனியில் பங்குகளும் வாங்கியிருந்தார். இதை எழுதாமல் விட்டால் நான்காம் பத்தியை நிரப்பவே முடியாது. ஏனெனில் நெருக்கடிகளில் பல, வெளியே நிறுத்தப்பட்டவர்கள் கதவைத் தட்டியபோது வந்தவை.

படி 3: அச்சம் இடம் மாறுவதைக் கவனியுங்கள்

1789இல் பிரான்சு மனித உரிமைகளை அறிவித்தது. அதில் பெண்கள் எங்கே என்று கேட்டு 1791இல் மாற்று அறிக்கை எழுதிய ஒலாம்ப் த கூஜ், 1793இல் கில்லட்டின் என்ற தலைவெட்டும் இயந்திரத்துக்கு அனுப்பப்பட்டார். மக்களின் பெயரால் நடந்த அந்தப் பயங்கர ஆட்சிக்குப் பிறகு, மன்னரைக் கண்டு அஞ்சியவர்கள் பெரும்பான்மையைக் கண்டும் அஞ்சத் தொடங்கினார்கள். 1859இல் ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில் அஞ்சியது சட்டத்தைக் காட்டிலும் ஊர்வாயை, அதாவது தனிமனிதரை நெரிக்கும் பொதுக்கருத்தை. பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டும் என்று 1867இல் நாடாளுமன்றத்தில் திருத்தம் கொண்டுவந்து தோற்றவர் அவர். ஆனால் கிழக்கிந்திய கம்பெனியில் 35 ஆண்டுகள் பணியாற்றிய அவரே, ‘பின்தங்கிய’ சமூகங்களை எதேச்சாதிகாரத்தால் ஆள்வது முறையானதே என்றும் எழுதினார். அந்த முரண் அப்படியே மூன்றாம் பத்திக்குப் போகட்டும்.

படி 4: சந்தைக்கு ஒரு தனி வரி

1846இல் பிரிட்டன் தானிய இறக்குமதி வரிச் சட்டங்களை நீக்கியது. ரொட்டி மலிவாக வேண்டும் என்ற தாராளவாதிகளுக்கு அது வெற்றி. அதே ஆண்டுகளில் பிரிட்டனின் ஆட்சியில் இருந்த அயர்லாந்தில் உருளைக்கிழங்கு நோயால் வந்த பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் இறந்தனர். தானிய வணிகத்தில் குறுக்கிடக் கூடாது என்ற கொள்கைப் பிடிப்பால், உணவு ஏற்றுமதி நிற்கவில்லை. பசிக்கு எதிராகத் தாராளவாதத்திடம் எந்தத் தடுப்பும் இல்லை என்பது அப்போதே தெரிந்துவிட்டது. இருந்தும், 70 வயதானோருக்கு வாரம் 5 ஷில்லிங் வரை ஓய்வூதியம் தரும் சட்டம் 1908இல்தான், லிபரல் கட்சியின் ஆட்சியில் வந்தது. வறுமையும் முதலாளியும்கூட மனிதரின் சுதந்திரத்தைப் பறிக்கலாம் என்று ஏற்க அவர்களுக்கு அறுபது ஆண்டுகள் பிடித்தன.

படி 5: ஒரே ஒரு நாளை நெருங்கிப் பாருங்கள்

1933 மார்ச் 23, ஜெர்மன் நாடாளுமன்றம் கூடியிருக்கும் பெர்லினின் க்ரோல் இசைநாடக அரங்கம். நாடாளுமன்றமின்றியே சட்டம் இயற்றும் அதிகாரத்தை ஹிட்லரின் அரசுக்குத் தரும் மசோதா வாக்கெடுப்புக்கு வருகிறது. கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் அனுமதிக்கப்படவில்லை. அவைக்குள் சீருடை அணிந்த நாஜிப் படையினர் நிற்கிறார்கள். ஆதரவு 444, எதிர்ப்பு 94. எதிர்த்தவர்கள் அனைவரும் சமூக ஜனநாயகக் கட்சியினர். தாராளவாதக் கட்சியான ஜெர்மன் அரசுக் கட்சிக்கு இருந்த ஐந்து உறுப்பினர்களும் ஆதரித்து வாக்களித்தனர். அவர்களில் ஒருவரான தியோடோர் ஹாய்ஸ், கட்சியின் முடிவுக்குக் கட்டுப்பட்டு வாக்களித்தவர். 1949இல் மேற்கு ஜெர்மனியின் முதல் குடியரசுத் தலைவரானார்.

இங்கே உங்கள் பேனா இரண்டாம் பத்தியில் தயங்க வேண்டும். மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மை வேண்டும் என்ற தடுப்பு இருந்தது; அதை மீறாமல், அதன் வழியாகவே நாஜிகள் உள்ளே வந்தார்கள்.

படி 6: 1945க்குப் பிந்தைய இரண்டு கிளைகளையும் தனித்தனியே எழுதுங்கள்

பிரிட்டனின் பொருளாதார அறிஞர்களான கெய்ன்ஸும் பெவரிட்ஜும் வேலையின்மைக்கு அஞ்சினார்கள். சந்தையை ஆதரிக்கும் சிந்தனையாளர்களுக்காக 1947இல் மோன் பெலரின் சங்கத்தை நிறுவிய பொருளாதார அறிஞர் ஹாயெக் திட்டமிடும் அரசுக்கு அஞ்சினார். மூவரும் தாராளவாதிகளே. 1970களின் விலைவாசி உயர்வு முதல் கிளையையும், 2008ஆம் ஆண்டின் நிதி நெருக்கடி இரண்டாம் கிளையையும் உலுக்கின.

படி 7: கடைசி வரியை நீங்களே நிரப்புங்கள்

2014 ஜூலையில் ஹங்கேரியின் பிரதமர் விக்டர் ஒர்பான், தாம் கட்டுவது தாராளவாதம் அல்லாத ஓர் அரசு என்று வெளிப்படையாகவே பேசினார். தேர்தலில் வென்றவர், 2011இல் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்ட பெரும்பான்மையோடு புதிய அரசமைப்பை நிறைவேற்றியவர். யார் ஆள்வது என்பது ஜனநாயகத்தின் கேள்வி, எதுவரை ஆளலாம் என்பது தாராளவாதத்தின் கேள்வி. இரண்டையும் பிரித்து எழுதுங்கள். எண் ஒன்றுபோல் இருப்பதால் 1933ஆம் ஆண்டின் வரியோடு இதைச் சேர்த்துவிட வேண்டாம்: அங்கே அதன்பின் எதிர்க்கட்சிகளே தடைசெய்யப்பட்டன, இங்கே தேர்தல்கள் தொடர்ந்து நடந்தன. பிறகு மூன்றாம் பத்திக்கு வந்து, அதற்கு முந்தைய 25 ஆண்டுகளில் அந்நாட்டுத் தாராளவாதிகள் யாரை வெளியே நிறுத்தினார்கள் என்று தேடிப் படியுங்கள்.