புல்லைப் பார்த்து மாட்டை மாற்றுங்கள்: அயர்லாந்து இறைச்சிப் பண்ணையில் சுழற்சி மேய்ச்சல்

அயர்லாந்தில் இறைச்சிக்கு மாடு வளர்ப்பவருக்குப் புல்தான் முதல் பயிர். மாடு தானாக மேய்கிற புல்லோடு ஒப்பிட்டால், வெட்டிச் சுருட்டி, காற்றுப் புகாமல் புளிக்க வைக்கும் பச்சைத் தீவனமான சைலேஜுக்கும் விலைக்கு வாங்கும் அடர்தீவனத்துக்கும் செலவு மிக அதிகம். மழைக்குப் பஞ்சமில்லை, கடுங்குளிரும் குறைவு. பிப்ரவரி கடைசியிலிருந்து நவம்பர் வரை புல் ஏதோ ஓர் அளவில் வளர்ந்துகொண்டே இருக்கும். இருந்தும் ஒரே பெரிய வயலில் மந்தையை அவிழ்த்துவிட்டு மாதக்கணக்கில் அப்படியே வைத்தால், ருசியான இடம் மொட்டையாகும், மற்ற இடம் முற்றிக் கதிர் விடும். வயலைத் துண்டுகளாகப் பிரித்து, புல்லின் நிலையைப் பார்த்து மந்தையைத் துண்டு துண்டாக மாற்றுவதுதான் இதற்கு வழி. நாள் குறித்துக்கொண்டு மாற்றினால் போதாது, புல் தயாரா என்று பார்த்து மாற்ற வேண்டும்.

மூன்று இலைக் கணக்கு

அங்கே மேய்ச்சல் நிலங்களில் விதைப்பது பெரும்பாலும் பல்லாண்டு ரைகிராஸ். அதன் ஒரு தூரை மண்ணோடு ஒட்டிக் கிள்ளி எடுத்துப் பாருங்கள். ஒரு நேரத்தில் மூன்று பச்சை இலைக்கு மேல் அது தாங்காது. நான்காவது இலை விரியத் தொடங்கினால் அடியில் இருக்கும் முதல் இலை நுனியிலிருந்து மஞ்சளாகிக் காயும். மூன்றாம் இலை முழுதாக விரிந்த நிலையில் மாட்டை விடுவது உத்தமம். மே மாதத்தில் ஓர் இலை வர ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அதனால்தான் கோடையில் ஒரு சுற்று 18 முதல் 21 நாள் என்கிறார்கள். குளிர் மாதங்களில் அதே இலைக்கு மூன்று நான்கு வாரம்கூட ஆகலாம்.

மேய்ந்து முடிந்ததும் தரையில் 4 செ.மீ. நிற்க வேண்டும். இரண்டு விரற்கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். புல் மறுபடி துளிர்க்கத் தேவையான சர்க்கரை அந்த அடித்தாளில்தான் இருக்கிறது. அதையும் கடிக்கவிட்டால் துளிர்ப்பு தாமதமாகும். 6, 7 செ.மீ. விட்டு வெளியே எடுத்தால் வேறு சிக்கல்: மிஞ்சியது தண்டாகி, அடுத்த சுற்றில் மாடு மூக்கைத் திருப்பிக்கொள்ளும்.

ஒரு துண்டில் மூன்று நாளுக்கு மேல் மந்தை நிற்கக் கூடாது. மேய்ந்த மூன்றாம் நான்காம் நாளிலேயே புதுத்துளிர் எட்டிப் பார்க்கும். மாடு முற்றிய புல்லை விட்டுவிட்டு அந்தத் துளிரைத்தான் தேடிக் கடிக்கும். சேமித்த சர்க்கரையைச் செலவழித்து வந்த முதல் இலை அது. அதையும் இழந்தால் தூர் நலிந்துவிடும்.

கண்மதிப்பு வேண்டாம், அளந்து பாருங்கள்

புல்லின் அளவை ஈரம் நீக்கிய எடையில், அதாவது உலர் எடையில் சொல்வது வழக்கம். அதுவும் 4 செ.மீ.க்கு மேலே இருப்பதை மட்டும் கணக்கில் எடுப்பார்கள். கோடையில் மாட்டை உள்ளே விட ஏற்ற அளவு, ஹெக்டேருக்கு 1,300 முதல் 1,600 கிலோ உலர் எடை. உயரத்தில் 8 முதல் 10 செ.மீ., அதாவது கட்டைவிரல் தவிர மற்ற விரல்களைச் சேர்த்துக் கிடையாக வைத்தால் வரும் அகலம் அல்லது சற்றுக் கூடுதல்.

அளக்க இரண்டு வழி. முதலாவதற்கு அரை மீட்டருக்கு அரை மீட்டர் இரும்புச் சட்டம், கத்தரி, தராசு, ஒரு பை போதும். துண்டின் சராசரியைக் காட்டும் இடத்தில் சட்டத்தைப் போடுங்கள். சாணம் விழுந்த இடமோ வேலியோரமோ வேண்டாம். சட்டத்துக்குள் இருப்பதை 4 செ.மீ. விட்டு வெட்டி நிறுங்கள். கிலோவில் வரும் எடையை உலர் பங்கால் பெருக்கி, பிறகு 40,000ஆல் பெருக்குங்கள். 200 கிராம் புல், உலர் பங்கு 16 சதவீதம் என்றால்: 0.2 × 0.16 × 40,000 = 1,280 கிலோ.

உலர் பங்கில்தான் பலர் கோட்டை விடுவார்கள். மழையில் நனைந்த புல்லில் அது 12, 13 சதவீதத்துக்கு இறங்கும். வறண்ட வாரத்தில் 20ஐத் தாண்டும். ஈரப் புல்லை எடைபோட்டு, உலர் பங்கு 16 என்று வைத்தால், இல்லாத புல் இருப்பதாகக் கணக்கு காட்டும். இயன்றவரை பனியும் மழைநீரும் வடிந்த பிறகு வெட்டுங்கள்.

இரண்டாவது வழி தட்டு மீட்டர். குச்சியில் ஏறி இறங்கும் தட்டைக் கொண்டு துண்டு நெடுக 30, 40 இடத்தில் குத்தி, சராசரி உயரம் எடுங்கள். அதிலிருந்து 4ஐக் கழித்து 250ஆல் பெருக்குங்கள். 9.5 செ.மீ. என்றால் 5.5 × 250 = 1,375 கிலோ. கதிர் விட்ட புல்லில் தட்டு தண்டின் மேல் தூக்கி நிற்பதால் எண் கூடுதலாக வரும். அப்போது கத்தரியும் சட்டமுமே மேல்.

துண்டு எவ்வளவு பெரிது?

வளரும் மாடு ஒரு நாளைக்குத் தன் உடல் எடையில் சுமார் 2 சதவீதம் உலர் எடை தின்னும். 400 கிலோ எடையுள்ள, காயடித்த 30 இளங்காளைகள் இருந்தால் தலைக்கு 8 கிலோ, நாளைக்கு 240, மூன்று நாளைக்கு 720 கிலோ. துண்டில் ஹெக்டேருக்கு 1,400 கிலோ நின்றால் 720ஐ 1,400ஆல் வகுங்கள்; கிட்டத்தட்ட அரை ஹெக்டேர், அதாவது ஒன்றேகால் ஏக்கர். 21 நாள் ஓய்வு கிடைக்க இப்படி எட்டுத் துண்டு வேண்டும். மொத்தம் நான்கு ஹெக்டேர்.

இந்தக் கணக்கு மே, ஜூனுக்குத்தான் பொருந்தும். நான்கு ஹெக்டேரில் நாளைக்கு 240 கிலோ என்றால் ஹெக்டேருக்கு 60 கிலோ தேவை. மே மாத வளர்ச்சி நல்ல நிலத்தில் இதைத் தாண்டும். செப்டம்பரில் இது கிடைக்காது. அதே காளை நாளைக்கு ஒரு கிலோ ஏறி, ஆகஸ்ட் கடைசியில் 520 கிலோ நிற்கும். புல் வளர்ச்சி குறையும்போது வயிறு பெரிதாகிறது. சைலேஜுக்கு ஒதுக்கிய வயலை முதல் வெட்டுக்குப் பிறகு சுற்றில் சேர்த்துக்கொள்வது இதற்காகத்தான்.

சதுரத்தை ஒட்டிய துண்டுகளாகப் பிரியுங்கள். நீண்டு ஒடுங்கிய துண்டில் வாசலோரம் சேறாகும், கடைக்கோடி மேயாமல் நிற்கும். எல்லாவற்றுக்கும் நிரந்தரக் கம்பி வேண்டாம். வெளி எல்லை உறுதியாக இருந்தால், உள்ளே சுருளில் வரும் நைலான் மின்கம்பியும் காலால் மிதித்து நடும் குச்சிகளும் போதும். டிராக்டர் வேலைக்கு ஒரு நிமிடத்தில் சுருட்டிவிடலாம். பெரிய மாட்டுக்குத் தரையிலிருந்து 80, 90 செ.மீ. உயரத்தில் ஒரே கம்பி போதும். கன்று ஊட்டும் பசு மந்தையானால் அடுத்த துண்டின் பக்கம் கம்பியைச் சற்று உயர்த்திக் கட்டுங்கள். கன்று குனிந்து முன்னால் போய் நுனிப்புல்லை மேயும், தாய் பின்னாலேயே நிற்கும்.

கம்பியில் அதிர்ச்சி குறைந்தால் முதலில் பார்க்க வேண்டியது எர்த். மின்வேலிக் கருவிக்கு நன்றாக ஆழ இறங்கிய எர்த் கம்பிகள் வேண்டும். வீட்டு மின் இணைப்பின் எர்த்திலிருந்து 10 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும். அடுத்த சந்தேகம், கம்பியில் உரசும் புல்.

தண்ணீர்த் தொட்டியை வாசலில் வைக்காதீர்கள். இரண்டு துண்டின் நடுவேலியில் வைத்தால் ஒரே தொட்டி இரண்டுக்கும் உதவும். பால் கொடுக்கும் பசு வெயில் நாளில் 60 லிட்டர் குடிக்கும். மந்தை மொத்தமாக வந்து குடிக்கும் பழக்கமுள்ளதால் சிறிய தொட்டி நிமிடத்தில் காலியாகிவிடும். மிதவையை முட்டி உடைப்பதும் அப்போதுதான்.

வாரம் ஒரு நடை

வாரத்துக்கு ஒரு முறை எல்லாத் துண்டையும் நடந்து அளந்து எழுதுங்கள். மே, ஜூனில் ஐந்து நாளுக்கு ஒரு முறை. அயர்லாந்தின் வேளாண் ஆராய்ச்சி, ஆலோசனை அமைப்பான டீகஸ்க் நடத்தும் பாஸ்ச்சர்பேஸ் இணையதளத்தில் எண்களைப் போட்டால், கூடுதலிலிருந்து குறைவு வரை படிக்கட்டாக வரைந்து காட்டும். காகிதத்தில் வரைந்தாலும் அதே பலன்தான்.

எல்லாத் துண்டிலும் இருக்கும் மொத்தக் கிலோவை நாள் தேவையால் வகுங்கள். மேலே சொன்ன பண்ணையில் சராசரி 700 கிலோ நின்றால் 2,800ஐ 240ஆல் வகுக்க, கிட்டத்தட்ட 12 நாள் கையிருப்பு. கோடையில் 10 முதல் 14 வரை சரி. 10க்குக் கீழே போனால் மந்தையை மாற்றும் வேகத்தை உடனே குறையுங்கள்: கூடுதல் வயலைச் சேர்ப்பது, கொஞ்சம் அடர்தீவனம், தேவைப்பட்டால் சைலேஜ். புல் குறைகிறது என்று பயந்து அடுத்தடுத்த துண்டுகளுக்கு ஓடினால், இரண்டு இலைப் புல்லை மேய்ந்து பள்ளத்தை இன்னும் ஆழமாக்குவீர்கள்.

14க்கு மேல் போனால் ஒரு துண்டைத் தாண்டிப் போங்கள். 1,800, 2,000 கிலோ ஏறிய துண்டில் மாட்டை விட்டால் மிதித்து வீணடிப்பதுதான் அதிகம். அறுத்து உருண்டையாகச் சுற்றிவிடுங்கள். இலை மிகுந்த அந்தச் சைலேஜ் குளிர்காலத்தில் கன்றுகளுக்கு அருமையான தீவனம். இதில் பலர் இரண்டு வாரம் தயங்குவார்கள், அதற்குள் துண்டு கை மீறிப் போயிருக்கும். மேய்ந்த பின் தண்டு மிஞ்சினால் மே கடைசி, ஜூனில் ஒரு முறை 4 செ.மீ.க்கு அறுத்துவிடலாம். வருடம் முழுக்க அறுக்க வேண்டிவந்தால் உள்ளே விடும் நேரம் தவறு என்று பொருள்.

நனைந்த நிலம்

கார்க், டிப்பரரியின் வடிகாலுள்ள மண்ணுக்குச் சொன்னது லீட்ரிம், கேவன், மோனகன் பக்கத்துக் களிமண்ணுக்கு அப்படியே ஒத்துவராது. அங்கே குளம்பு இறங்கினால் மண் இறுகி, தூர் புதைந்து, அந்த இடத்தில் களை முளைக்கும். எடை குறைந்த கிடேரிகளையும் கன்றுகளையும் முதலில் வெளியே விடுங்கள். மழை நாளில் துண்டை மேலும் பிரித்து ஒரு நாளுக்கு மட்டும் கொடுங்கள். பின்பக்கமும் ஒரு கம்பி கட்டுங்கள், மேய்ந்த இடத்துக்குத் திரும்பி நடக்கவிடாதீர்கள். கடைக்கோடியில் தொடங்கி வாசலை நோக்கி வாருங்கள். ஒரு துண்டுக்கு இரண்டு மூன்று வாசல் இருந்தால் பாதி சேதம் தவிரும். நிலம் தாங்கவே தாங்காது என்றால் மூன்று நான்கு மணி நேரம் மேயவிட்டுக் கொட்டகைக்கு ஓட்டுங்கள். பசித்த மாடு அதற்குள்ளேயே பெரும்பகுதியைத் தின்றுவிடும்.

உரத்தைப் பொறுத்தவரை, மண்பரிசோதனை இல்லாமல் மூட்டையைப் பிரிக்காதீர்கள். மண்ணின் அமில-கார அளவான பிஎச் 6.3க்குக் கீழே இருந்தால் முதல் செலவு சுண்ணாம்புக்கு. நைட்ரஜன், பாஸ்பரஸ் ரசாயன உரங்களைச் செப்டம்பர் 15 முதல் போடச் சட்டம் இடம் தராது. வசந்தத்தில் மறுபடி தொடங்கும் தேதி மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும்.

மாட்டின் மேல் கண்

குளிர்ந்த காற்றும் மழையுமாக இருக்கும் வசந்தத்தில், கொழுகொழுவென்ற புல்லில் நிற்கும் பால் பசுவுக்கு மெக்னீசியம் திடீரென இறங்கும். காதை விறைத்து, கண்ணை உருட்டி, தோல் துடிக்க, கால் இடறும். பிறகு விழுந்து இழுக்கும். பல நேரம் அறிகுறியே தெரியாது, கால் உதைத்துக் கிளறிய மண்ணருகே செத்துக் கிடப்பதைத்தான் பார்ப்பீர்கள். விழுந்த பசுவுக்குக் கால்நடை மருத்துவரை உடனே அழையுங்கள், நிமிடக் கணக்குதான். வராமல் தடுக்க, தலைக்கு நாளொன்றுக்கு 60 கிராம் சுட்ட மேக்னசைட் என்ற மெக்னீசியத் தூள் கொடுங்கள். உடம்பு இதைச் சேமித்து வைக்காததால் ஒரு நாள்கூட விடக் கூடாது. ருசி பிடிக்காது, ஒன்றிரண்டு கிலோ அடர்தீவனத்தில் கலந்தால் எல்லாப் பசுவுக்கும் போய்ச் சேரும். வெல்லப்பாகு கலந்த நக்குத் தொட்டி எளிதுதான், ஆனால் எல்லாப் பசுவும் நக்குவதில்லை. அந்தப் பருவத்தில் மேய்ச்சல் துண்டில் பொட்டாஷ் போடாதீர்கள், மெக்னீசியத்தைப் பசு உடம்பில் சேரவிடாமல் அது தடுக்கும்.

வெண்குளோவர் என்ற தீவனச் செடி அதிகமுள்ள துண்டில் பசித்த மந்தையை விட்டால் வயிறு உப்பும். முந்தின துண்டைச் சுரண்டவிட்டு மாற்றும் பழக்கம் இங்கே ஆபத்து. வயிறு நிறைந்திருக்கும்போது மாற்றுங்கள், ஒன்றிரண்டு மணி நேரத்தில் போய்ப் பாருங்கள். ஜூலைக்குப் பிறகு முதல் வருடக் கன்றுகளை ஓடவிட்டு, இருமுகின்றனவா என்று கேளுங்கள், நுரையீரல் புழுவாக இருக்கலாம். சைலேஜ் வெட்டிய வயலின் மறுதுளிரை அவற்றுக்குக் கொடுத்தால் புழுத் தொல்லை குறையும். மஞ்சள் பூப்பூக்கும் ராக்வார்ட் என்ற நச்சுக் களையைச் சைலேஜுக்கு முன்பே வேரோடு பிடுங்குங்கள். பச்சையாக இருக்கும்போது மாடு ஒதுக்கும், காய்ந்துவிட்டால் தின்றுவிடும். விஷம் மட்டும் அப்படியே இருக்கும்.

துண்டுகளை மூடுவது

பிப்ரவரியில் மேயப்போகும் புல்லை அக்டோபரிலேயே சேமிக்க வேண்டும். அக்டோபர் 10 வாக்கில் கடைசிச் சுற்றைத் தொடங்கி, நவம்பர் முதல் வாரத்துக்குள் பண்ணையில் 60 சதவீதத்தை மேய்த்து மூடிவிடுங்கள், அதாவது வசந்தம் வரை அங்கே மாட்டை விடாதீர்கள். அதன் பிறகு மூடத் தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும், வசந்தத்தில் ஹெக்டேருக்கு சுமார் 15 கிலோ உலர் எடை குறையும். கொட்டகைக்கு அருகில், காற்று படாத, வடிகாலுள்ள துண்டுகளை முதலில் மூடுங்கள். வசந்தத்தில் முதலில் திறக்கப்போவது அவைதான். களிமண் பண்ணையில் இந்தத் தேதிகளை இரண்டு வாரம் முன்னுக்குக் கொண்டுவாருங்கள். மூடிய துண்டில் டிசம்பரில் பச்சை தெரிகிறதே என்று பக்கத்துப் பண்ணையின் செம்மறி ஆடுகளைக் குளிர்கால மேய்ச்சலுக்கு விட ஒப்புக்கொள்ளாதீர்கள்; அந்த வாடகைப் பணம், மார்ச்சில் நீங்கள் வாங்கப்போகும் தீவனத்துக்கு ஈடாகாது.