சொறியின் வயிற்றை வெறும் பை என்று எழுதாதீர்கள்

சொத்தவிளையிலோ முட்டத்திலோ கரை ஒதுங்கிக் கிடக்கும் சொறியை, அதாவது ஜெல்லிமீனை, குச்சியால் புரட்டிப் பார்க்காத பிள்ளைகள் நம் பக்கம் குறைவு. அதே பிள்ளைகள் பதினொன்றாம் வகுப்புக்கு வந்து, சொறி சேர்ந்த விலங்குத் தொகுதியான நிடேரியா பாடத்தில் அதன் செரிமானக் குழியைப் பற்றிக் கேள்வி வந்தால், "உணவு செரிக்கும் பை" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். மற்ற தவறுகள் பெரும்பாலும் அந்த வரியில் இருந்துதான் கிளம்புகின்றன.

சொறிக்கு இதயம் கிடையாது, இரத்தமும் கிடையாது. அப்படியென்றால் குடையின் ஓரத்தில் இருக்கும் செல்லுக்குச் சாப்பாடு எப்படிப் போகிறது? நடுவயிற்றில் இருந்து ஆரக் கால்வாய்கள் கிளம்பி, விளிம்பைச் சுற்றி ஓடும் வளையக் கால்வாயில் போய்ச் சேர்கின்றன. உட்சுவரில் இருக்கும் நுண்ணிய குற்றிழைகள் அசைந்து அசைந்து, கரைந்த உணவை அந்த வழியெல்லாம் தள்ளிக்கொண்டு போகின்றன. செரிமானம், சுற்றோட்டம் இரண்டும் இந்த ஒரே குழியின் வேலை. சொறியின் உறவான கடற்சாமந்தியில் அதற்கு மூன்றாவது வேலையும் உண்டு, எலும்பே இல்லாத அந்த உடம்பை விறைப்பாக நிறுத்துவது குழிக்குள் அடைபட்ட தண்ணீர்தான். பாறையில் தண்ணீர் வற்றும் நேரம் அது சுருங்கி உருண்டையாகக் கிடப்பதைப் பார்த்துச் செத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம், உள்ளே இருந்த தண்ணீரை வெளியே விட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்தது மதிப்பெண்ணைக் காவு வாங்கும் தவறு: சீலென்டிரானும் சீலோமும் ஒன்று என்று எழுதுவது. சீலென்டிரான் என்பது இதுவரை பார்த்த செரிமானக் குழிதான். சீலோம் என்பது குடலுக்கும் உடற்சுவருக்கும் நடுவே, கருவின் நடுஅடுக்கில் இருந்து உருவான உறை சூழ்ந்த உடற்குழி. மண்புழுவுக்கு அது இருக்கிறது. சொறிக்குப் புறஅடுக்கு, அகஅடுக்கு என்று இரண்டு மட்டும், நடுவில் இருப்பது மீசோகிளியா என்னும் கூழ். நடுஅடுக்கே இல்லாத உயிரிக்கு சீலோம் எங்கிருந்து வரும்?

செரிமானம் முழுவதும் குழிக்குள்ளேயே முடிகிறது என்பதும் சரியல்ல. சுரப்பி செல்கள் விடும் நொதிகள் இரையைத் துணுக்குகளாக உடைக்கின்றன, அந்தத் துணுக்குகளை உட்சுவரின் செல்கள் விழுங்கித் தங்களுக்குள்ளே வைத்து மிச்சத்தைச் செரிக்கின்றன. விடையில் இரண்டு கட்டத்தையும் எழுதுங்கள்.

படம் வரையும்போது வரும் குழப்பம் வேறு. ஆரேலியா என்னும் சொறியின் குடைக்குள் குதிரை லாட வடிவில் நான்கு தெரியுமே, அவற்றை வயிறு என்று குறிக்கிறார்கள். அவை இனப்பெருக்க உறுப்புகள். வயிற்றின் பைகளுக்குள்ளேயே இருப்பதால்தான் இந்தக் குழப்பம். ஃபைசேலியாவின் நீலப் பையும் வயிறு இல்லை, அது காற்று நிறைந்த மிதவை. ஃபைசேலியாவே பல உறுப்பினர்கள் ஒட்டிச் சேர்ந்து வாழும் ஒரு கூட்டுயிரி, அதில் சாப்பிடும் வேலையைப் பார்க்கும் உறுப்பினர்கள் மிதவைக்கு அடியில் தனியாகத் தொங்குகின்றன. எல்லாச் சொறிக்கும் நடுவில் ஒரே வாய் என்று எழுதுவதும் பொதுவாகச் சரிதான், ஆனால் கேரளக் கரையிலும் நம் கரையிலும் கூட்டமாக வரும் கிராம்பியோனெல்லா என்னும் சொறிக்கு நடுவாய் மூடிப்போய், கைகளில் ஏராளமான சின்னச் சின்ன வாய்கள் இருக்கும்.

ஒரு விஷயத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். உணர்கொம்புதான் கொட்டும், உள்ளே ஒன்றும் செய்யாது என்று நினைத்து, ஒதுங்கிய சொறியை வெறுங்கையால் பிய்த்து வயிற்றைப் பார்க்கப் போகாதீர்கள். குடைச் சொறிகளின் வயிற்றுக்குள் இருக்கும் இழைகளிலும் கொட்டும் செல்கள் உண்டு, சொறி செத்த பிறகும் அவை வெடிக்கும். பள்ளியில் இருந்து கடற்கரைக்குக் கூட்டிப் போகும் ஆசிரியர்கள் இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

அப்புறம் சீப்புச் சொறி. கண்ணாடி போல இருப்பதால் அதையும் நிடேரியாவில் சேர்த்து, "ஒரே துளை, அதுவே வாய், அதுவே கழிவுவாய்" என்று எழுதிவிடுகிறார்கள். அது டீனோஃபோரா என்னும் தனித் தொகுதி. வாய்க்கு எதிர்முனையில் அதற்குக் கழிவுத் துளைகள் இருக்கின்றன, அவற்றின் வழியாகக் கழிவு வெளியேறுவதையும் ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள்.