நாலு ஆணிய வெச்சு பசங்களுக்கு துரு பாடம்

லீவுல பசங்க போரடிக்குதுன்னு உசுர வாங்குறாங்களா, நாலு இரும்பு ஆணி வாங்கிட்டு வாங்க. சாதா ஆணி தான் வேணும், துத்தநாகம் பூசினது சீக்கிரம் துருப்பிடிக்காது, நான் மொத தடவ அத போட்டுட்டு ஒரு வாரம் பேந்த பேந்த முழிச்சேன்.

நாலு பாட்டில் எடுங்க. ஒண்ணுல ஆணியோட சிலிக்கா ஜெல் பாக்கெட் போட்டு இறுக்கி மூடுங்க (புது ஷூ டப்பால வருமே, அதான், குட்டிங்க வாயில வைக்காம பாத்துக்கோங்க). ரெண்டாவதுல ஆணி பாதி முங்குற அளவு குழாத்தண்ணி, மூணாவதுல அதே தண்ணில ரெண்டு ஸ்பூன் உப்பு. நாலாவதுக்கு தண்ணிய நல்லா கொதிக்க விட்டு, அதுல கரைஞ்சிருக்க காத்து வெளிய போனதும் மூடி ஆறவெச்சு, ஆணி முழுசா முங்குற மாதிரி மெதுவா ஊத்தி மேல எண்ணெய் ஊத்திடுங்க, அப்பதான் காத்து திரும்ப உள்ள போகாது.

ஒரு வாரம் தினமும் பாக்க சொல்லுங்க. உப்புத்தண்ணி ஆணி தான் மோசமா செவக்கும், ஒண்ணும் நாலும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். ஏன்னா இரும்பு துருவாக தண்ணியும் ஆக்சிஜனும் ரெண்டுமே வேணும், உப்பு வேகத்த கூட்டும். 1914ல தொறந்த பழைய பாம்பன் பாலத்தயே கடல் காத்து அரிச்சு 2022 டிசம்பர்ல ரயில நிறுத்திட்டாங்க.

பாப்பாவோட கொலுசு கறுக்குறது துரு இல்ல, காத்துல இருக்க கந்தக வாயு வெள்ளியோட சேந்து வர்ற படலம். அலுமினிய ஃபாயில் மேல கொலுச வெச்சு, சூடான தண்ணி, ஒரு ஸ்பூன் சமையல் சோடா போடுங்க, கொஞ்ச நேரத்துல வெளுத்துடும். கல்லு பதிச்சதுன்னா வேண்டாம்.