சாவிச் சத்தம்

சிங்கப்பூரின் யீஷூன் வட்டாரத்தில் எங்களுடையது மூவறை வீவக வீடு, அதாவது அரசு அடுக்குமாடி வீடு. இரவில் கதவில் சாவி திரும்பும் சத்தம் கேட்டாலே எனக்கு வயிறு கலங்கும். அப்பா எந்த முகத்தோடு வருவார் என்று தெரியாது. "வெளியே சொல்லாதே" என்பதோடு அம்மாவின் பேச்சு முடிந்துவிடும்.

எனக்கு 36 வயதானபோது, என் சாவிச் சத்தம் கேட்டு என் மகன் விளையாட்டை நிறுத்திவிட்டு விறைத்து நின்றான். அன்றுதான் உடைந்து அழுதேன்.

மன்னிப்பது என்றால் நடந்ததை மறைப்பது என்றே நினைத்திருந்தேன். எங்கள் சபைப் போதகர் சங்கீதம் 27:10-ஐ வாசிக்கச் சொன்னார். தகப்பனும் தாயும் கைவிட்டாலும் கர்த்தர் சேர்த்துக்கொள்வார் என்கிறது அது. பெற்றோர் கைவிடக்கூடும் என்பதை வேதமே ஒளிக்கவில்லை! நான் மட்டும் ஏன் ஒளிக்க வேண்டும்? ஜெபத்தில் முதன்முறையாக உள்ளதை உள்ளபடி சொன்னேன். குடும்பச் சேவை நிலையத்தில் ஆலோசகரிடமும் சொன்னேன். இரண்டும் எனக்குத் தேவைப்பட்டன.

இப்போது வேலை முடிந்து வந்ததும் தாழ்வாரத்தில் ஒரு நிமிடம் நின்று ஜெபிக்கிறேன். பிறகு மகனின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுத்தான் சாவியைப் போடுகிறேன். அப்பாவையும் ஞாயிறு ஆராதனைக்குப் பின் போய்ப் பார்க்கிறேன். அவர் குரலை உயர்த்தினால் எழுந்து வந்துவிடுவேன். மறுவாரம் மீண்டும் போவேன்.