சளி டெஸ்டில் ஒன்றுமில்லை என்றால்…

தேவகோட்டையில் என் பெரியப்பாவுக்கு இரண்டு மாதமாக விடாத இருமல். சளி டெஸ்டில் ‘புற்றணுக்கள் காணப்படவில்லை’ என்று வந்ததும் பிள்ளையார்பட்டிக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தோம். சி.டி. ஸ்கேனில் நுரையீரல் ஓரமாகத் தெரிந்த கட்டியை அந்தச் சந்தோஷத்தில் மறந்தே போனோம். முதல் தவறு அதுதான்.

நுரையீரலை நம் ஊர்ப் பெரிய வீடு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று உள்ளே போய்க்கொண்டே இருக்கும். பெரிய மூச்சுக்குழாய்கள் முகப்பு. அங்கே புற்று இருந்தால் உதிரும் அணுக்கள் சளியோடு வெளியே வரும். பின்கட்டில், அதாவது நுரையீரலின் ஓரத்தில், இருந்தால் சந்தேகம்தான். ஓரத்துப் புற்றுகளில் ஏறக்குறைய பாதி சளிப் பரிசோதனையில் சிக்குவதில்லை. ‘இருக்கிறது’ என்று அது சொன்னால் பெரும்பாலும் நம்பலாம். ‘இல்லை’ என்றால்தான் யோசிக்க வேண்டும்.

போதாக்குறைக்கு பெரியப்பா கொடுத்தது பாதி எச்சில்! காலையில் எழுந்ததும் வாய் கொப்பளித்துவிட்டு, ஆழமாக இருமி எடுக்க வேண்டும். அதுவும் மூன்று நாள்.

சரி, குழாய் விட்டுப் பார்க்கும் பிராங்கோஸ்கோபி? நடுப்பகுதிக் கட்டிக்கு அருமையானது. பிரஷ்ஷால் தேய்ப்பது, கழுவி எடுப்பது, சதை கிள்ளுவது எல்லாம் ஒரே தடவையில் முடியும், சேர்த்துச் செய்தால் பலனும் கூடுதல். ஆனால் ஓரத்தில், 2 செ.மீ.க்கும் சிறிய கட்டி என்றால் சாதாரண பிராங்கோஸ்கோபியில் மூன்றில் ஒன்றுதான் பிடிபடும். அங்கே பெரும்பாலும் சி.டி. பார்த்துக் குத்தும் ஊசிதான் வழி. அது 100-க்கு 90 புற்றைக் கண்டுபிடிக்கும்.

“ஊசி குத்தினா பரவிடும்” என்று வீட்டில் ஒரே பயம். அப்படி நடப்பது மிக அபூர்வம். நிஜமாகக் கவனிக்க வேண்டியது நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிவதைத்தான். பெரும்பாலும் தானே சரியாகிவிடும், சிலருக்கு மட்டும் காற்றை வெளியேற்றக் குழாய் வைப்பார்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுவதை மறைக்கவே கூடாது. பெரியப்பா மறைத்தார், தேதி தள்ளிப்போனது.

மெல்லிய ஊசியில் வரும் அணுக்கள் புற்றா இல்லையா என்று பெரும்பாலும் சொல்லிவிடும். எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கும் மரபணுச் சோதனைக்குச் சில நேரம் அது போதாது; கொஞ்சம் தடித்த ஊசியில் சதைத்துண்டு எடுத்தால் நல்லது. இதை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

அப்புறம், மதுரை ஆஸ்பத்திரிக்கு மாறியபோது ரிப்போர்ட் காகிதத்தை மட்டும் கொண்டுபோனோம். அங்கே கேட்டது அணுக்களைத் தடவிய கண்ணாடி ஸ்லைடையும் சதை பதித்த மெழுகுக்கட்டியையும். அதை வாங்க இன்னொரு நாள் பஸ் ஏறினோம்.